தற்செயலாரின் இலவசக் கையெழுத்து

எங்கள் வக்கீலுக்கு ஏழைகள் மேல் கொள்ளைப் பிரியம். சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும். அதற்குப் பிறகு அவர் முடிவெட்டிக்கொள்ளப் போய்விடுவார். இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக அவருடைய ஆபீசில் டைப் அடிக்கிறேன். அவருடைய டைரியை எழுதி வைப்பதும் நான்தான், அதில் அப்படித்தான் இருக்கிறது.

அவருடைய முப்பது வருஷ சேவையைப் பாராட்டி வக்கீல் சங்கத்தில் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "நீங்கதான்மா கிட்ட இருந்து பார்த்தவங்க, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, மலரில் போடுகிற மாதிரியும் வரவில்லை. ஆனாலும் எழுத ஆரம்பித்ததை நிறுத்த மனசு வரவில்லை.

மேடை ஏறினால் "நான் லாந்தர் வெளிச்சத்தில் படித்தவன்" என்றுதான் ஆரம்பிப்பார். அவருடைய அப்பா சிமெண்ட் மொத்த வியாபாரி. மாடி வீடு, வாசலில் இரண்டு லாரி. ஒருமுறை அவருடைய அண்ணன் ஆபீசுக்கு வந்தபோது, பத்திரிகையில் வந்திருந்த பேட்டியைப் படித்துவிட்டு என் எதிரிலேயே கேட்டார்: "ஏண்டா, நம்ம வீட்ல லாந்தர் எங்க இருந்துச்சு? எனக்குத் தெரியாம நீ மட்டும் ஒண்ணு வாங்கி ஒளிச்சு வச்சிருந்தியா?"

வக்கீல் அசடு வழியச் சிரித்தார். "சும்மா இருண்ணா. கேக்கறவங்களுக்கு அதுதான் பிடிக்குது."

தொழிலைச் சொல்கிறேன். நாலு கம்பெனிக்காரர்கள் ஒரே வாரத்தில் ஒரே அளவு விலையை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் என்ன சொல்வோம்? உள்ளுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஏற்றிவிட்டான்கள் என்போம். அரசாங்கமும் அதையே சொல்லி, இதற்கென்றே இருக்கிற தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும். அங்கே எழுந்து நின்று, "யாரும் யாரோடும் பேசவில்லை, எல்லாம் தற்செயல்" என்று சாதிப்பதுதான் எங்கள் வக்கீலின் பிழைப்பு. டயர் விலை ஏறினதும் தற்செயல், மாவு விலை ஏறினதும் தற்செயல், லாரி வாடகை ஏறினதும் தற்செயல். ஆபீசில் நாங்கள் அவருக்குத் தற்செயலார் என்று பேர் வைத்திருந்தோம். அவருக்கு அது தெரியாது. ஆள் மகா கெட்டிக்காரர், அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எதற்குச் செலவழிக்கிறார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

காசு கொடுக்கிற கட்சிக்காரனின் காகிதம் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். மூன்று தடவை திருத்துவார், நாலாவது தடவை முதலில் இருந்ததையே திரும்பப் போடச் சொல்வார். இலவச வழக்கின் கதையே வேறு. வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் இலவசமாக உழைத்தவர்கள் என்று சங்கம் ஒரு பட்டியல் போடும், அதில் பேர் வரவேண்டும், அவ்வளவுதான். மனுவை நான் எழுதி நானே டைப் அடித்துக் கொண்டுபோய் நீட்டுவேன். ஒரு கையில் கார் சாவியை வைத்துக்கொண்டு, நின்றபடியே, "எங்கம்மா போடணும்?" என்பார். விரலை வைத்துக் காட்டுவேன். பச்சை மையில் கையெழுத்து விழும். அதை ஒரு மணி நேரம் என்று டைரியில் எழுதிக்கொள்ளச் சொல்வார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் தையல்காரம்மா வந்தாள். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போய், நாளில் பாதிக்கு மேல் ஆக்ஸிஜன் வைக்காமல் முடியாது. ஒரு சிலிண்டர் இரண்டு நாள் வரவேண்டும், கொஞ்ச நாளாக ஒன்றரை நாளிலேயே காலியாகிறது. குறைத்து நிரப்புகிறீர்களா என்று கடைக்காரனிடம் கேட்டிருக்கிறாள். இனிமேல் உனக்கு சிலிண்டரே கிடையாது, போ என்று சொல்லிவிட்டான்.

"வேற கடைக்குப் போறதுதானே?" என்று கேட்டேன்.

"போனேன்கா. ஊர்ல மொத்தம் மூணு கடை. மத்த ரெண்டு பேரும் இதைக் குத்திக் குடுத்துட்டாங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

டாக்டரின் கிறுக்கலுக்குக் கீழே, ஊதா மையில், இரண்டு கடைகளின் ரப்பர் ஸ்டாம்ப். 'தங்கள் தெரு எங்கள் பகுதி அல்ல.' இரண்டிலும் ஒரே வாசகம், ஒரே அளவு எழுத்து. எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருந்தால், கையால் எழுதி அலுத்துப்போய், ஸ்டாம்பே செய்து வைத்திருப்பான்கள்!

"இப்ப எத்தனை சிலிண்டர் கைவசம் இருக்கு?"

"ஓடிட்டிருக்கிறது போக ஒண்ணுதான்கா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்கும். ஆஸ்பத்திரியில கேட்டா, நடக்கிற ஆளுக்கெல்லாம் பெட் தரமுடியாதுங்கிறாங்க. காத்துலயிருந்து எடுக்கிற மெஷின் இருக்காமே, அது நான் ஒரு வருஷம் தைச்சாலும் கட்டாது."

எனக்கு அப்போதே ஒரு விஷயம் தெரியும். இந்த மூன்று கடைகளும் மூன்று ஆக்ஸிஜன் கம்பெனிகளின் ஏஜென்சி. அந்தக் கம்பெனிகள் மேல்தான் தீர்ப்பாயத்தில் பெரிய வழக்கு. விலையைப் பேசி ஏற்றினார்கள், ஊரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. அதில் பெரிய கம்பெனிக்கு வக்கீல் யார்? நம் தற்செயலார்தான். தையல்காரம்மாவைத் துரத்திவிட்ட கடை, அந்தப் பெரிய கம்பெனியின் கடை.

இலவச வழக்கு எடுக்கும்முன் எதிராளியின் பேரை நம் கட்சிக்காரர் பட்டியலோடு ஒத்துப்பார்க்க வேண்டும், அது ஆபீஸ் வழக்கம். ஒத்துப்பார்த்தேன். பட்டியலில் கம்பெனியின் பேர் இருந்தது, கடையின் பேர் இல்லை. நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளை வாசலோடு அனுப்பியிருப்பார். ஆனால் ஒளிக்கவும் இல்லை. மனுவின் நாலாவது பத்தியில், மூன்று கடைக்காரர்களும் தெருத் தெருவாக ஊரைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தத் தெருவுக்கு வேறு நாதி இல்லை என்று எழுதினேன். ஐந்தாவது பத்தியில், கடை எந்தக் கம்பெனியின் ஏஜென்சி என்பதைக் கம்பெனியின் முழுப்பேரோடு எழுதினேன். அந்த மனிதர் இரண்டு பக்கம் புரட்டியிருந்தால் போதும்.

"எங்கம்மா போடணும்?" என்றார். காட்டினேன். போட்டார்.

திங்கட்கிழமை எங்கள் ஜூனியர் வக்கீல் கோர்ட்டுக்குப் போய் ஐந்து நிமிஷம் பேசினார். கடைக்காரன் மூன்று வாரத்துக்கு சிலிண்டர் கொடுத்தே ஆகவேண்டும், அதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சிலிண்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை தையல்காரம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து வக்கீல் போட்டோ எடுத்துக்கொண்டார். அவளுக்கு ஒரு சால்வை போட்டால் நன்றாக இருக்குமா என்று போட்டோ எடுப்பவரிடம் வேறு யோசனை கேட்டார். அவளுடைய வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் தீர்ப்பாயத்தில் பெரிய வழக்கு. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பின்வரிசையில் கம்பெனி அதிகாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தற்செயலார் அன்றைக்கு வெளுத்து வாங்கினார். இது திறந்த சந்தை, யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், ஒரு கடை இல்லை என்றால் அடுத்த கடை, பகுதி பிரிப்பது என்பதெல்லாம் அரசுத் தரப்பின் கற்பனை என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே நம் தெருவில் பத்து ஆக்ஸிஜன் கடை இருக்கிற மாதிரித் தோன்றும்.

அரசு வக்கீல் ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிற ரகம். எழுந்தார்.

"இவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லைங்க. இவரே போன வாரம் இன்னொரு கோர்ட்ல பதில் சொல்லிட்டார். அந்த மனுவோட நகலை வாங்கி வந்திருக்கேன், படிக்கிறேன்" என்று நாலாவது பத்தியைப் படித்தார், பிறகு ஐந்தாவது பத்தியை. என் எழுத்தை மைக்கில் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நன்றாகவே படித்தார்.

தீர்ப்பாயத் தலைவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "வக்கீல் சார், இது உங்க கையெழுத்துதானே?"

தற்செயலார் முகத்தில் ஈயாடவில்லை. "பாத்துதான் சொல்லணும்."

"உங்க கையெழுத்தையா?"

பின்வரிசையில் அதிகாரி மேலே போட்டிருந்த காலை இறக்கி வைத்தார். வாய்தா கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினார். "டைப் பண்ணும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடறீங்கன்னு நினைச்சேன் சார்" என்றேன். பச்சைப் பொய். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை. ஆனால் அந்தப் பொய்யை மறுக்க அவரால் முடியவில்லை, அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டு தரப்பிலும் நின்ற வக்கீல் இரண்டையும் விட்டு விலக வேண்டும். சட்டம் படித்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். இவருக்கு வேறு யோசனை வந்தது. தையல்காரம்மா மனுவை வாபஸ் வாங்கிவிட்டால், நாலாவது பத்தியில் உள்ளது தவறான தகவல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பெரிய வழக்கில் ஒன்றும் ஒட்டாது. மூன்று வாரக் கெடு முடியப்போகிற நேரம். வியாழக்கிழமை வழக்கு மறுபடி வரும். செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவருடைய அறையில் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். காபி வரவழைத்தார். போட்டோ எடுத்த அன்றைக்கு அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். கம்பெனி அதிகாரி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்க நான்.

"ஏம்மா, கோர்ட்டு கேசுன்னு எத்தனை நாள் அலைவே? கம்பெனியே உனக்கு ஆறு மாசம் சிலிண்டர் இலவசமா குடுக்கறேங்குது. இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்று காகிதத்தை நகர்த்தினார்.

தையல்காரம்மா உடனே பேனாவை எடுக்கவில்லை. துணியின் தையலைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டி மெதுவாகப் படித்தாள். அதிகாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னது பொய்னு இதுல எழுதியிருக்கே சார்?"

"அது சும்மா ஒரு வார்த்தைதான்மா. சட்ட பாஷை."

"ஸ்டாம்ப் குத்தினது நெசம்தானே? சீட்டு என் பையிலதான் இருக்கு."

"இருக்கட்டும்மா. உனக்கு சிலிண்டர் வேணுமா, ஸ்டாம்ப் வேணுமா?"

அவள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நான் அவளை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டில் மூச்சுக்குத் தவிக்கிற ஆளை வைத்துக்கொண்டு வீரம் பேச யாரால் முடியும்? "ஆறு மாசம் கழிச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

தற்செயலார் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். இவர் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, ரொம்பக் கரிசனமாகக் கேட்டார்:

"டாக்டர் இன்னும் எவ்வளவு நாள்னு சொல்லியிருக்கார்மா? ஒரு வருஷம்னா சொல்லு, ஒரு வருஷம் பேசித் தரேன். அதுக்கு மேல தேவைப்படாதில்ல?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எத்தனையோ கம்பெனிக்காக எத்தனையோ பொய் டைப் அடித்த கை இது, அன்றைக்குத்தான் அருவருப்பில் ஓடமாட்டேன் என்றது. தையல்காரம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. காபியைத் தொடாமல் தள்ளி வைத்தாள், காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அவரு எத்தனை நாள் இருப்பாருன்னு நானே டாக்டர்கிட்ட கேட்டதில்லைங்க" என்றாள். "நீங்க எனக்கு வக்கீலா இருக்க வேண்டாம்."

அவள் எழுந்து போன பிறகு அதிகாரி, "என்ன சார், ஒரு தையக்காரிய உங்களால சமாளிக்க முடியல" என்றார். அதற்கும் இவர் பல்லை இளித்தார்.

அன்று மதியமே வக்காலத்திலிருந்து விலகிக்கொள்வதாக ஒரு கடிதம் சொன்னார், அடித்தேன். வியாழக்கிழமை வக்கீல் இல்லாமல் அவள் வரமாட்டாள், வராவிட்டால் மனு தள்ளுபடி, உத்தரவும் போய்விடும் என்று ஜூனியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விலகுகிற வக்கீல் கட்டைக் கட்சிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அதை நான் தபாலில் அனுப்பவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் சிலிண்டர். வீட்டுக்காரர் மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, "வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"ரெண்டு நாள்ல நான் எந்த வக்கீலைப் புடிப்பேன்கா? எனக்கு அவங்க மாதிரி பேச வராது" என்றாள்.

"பேச வேண்டாம்டி. உன் கேசுக்கு நீயே நிக்கலாம், கோர்ட்ல விடுவாங்க. எந்திரிச்சு நின்னு, இதுல இருக்கறத அப்படியே படி. எல்லாம் நீ சொன்னதுதான், நான் எழுதினேன், அவ்வளவுதான்."

வியாழக்கிழமை நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடைசி பெஞ்சில் யார் என்று பார்த்தால் தற்செயலார். மனு தள்ளுபடியானதும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள் கம்பெனியில். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேரைக் கூப்பிட்டதும் தையல்காரம்மா எழுந்தாள். வக்கீல் எங்கே என்று நீதிபதி கேட்டார். "விலகிட்டாருங்க. நானே படிக்கிறேன்" என்றாள். முதல் பக்கம் முழுக்கக் குரல் நடுங்கியது. இரண்டாவது பக்கத்தில் தெளிந்துவிட்டது. நாலாவது பத்தி வந்தபோது நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரனின் வக்கீல் குறுக்கே எழுந்து, வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றார். அவள் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீதிபதியிடம் நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு ஸ்டாம்பையும் பார்த்தார். கடைக்காரனின் வக்கீலைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். வழக்கு முடிகிறவரைக்கும் சிலிண்டர் தடையில்லாமல் போகவேண்டும், முழு அளவில் நிரப்பிப் போகவேண்டும், ஒரு நாள் தவறினாலும் கடைக்காரன் நேரில் வந்து நிற்கவேண்டும் என்று உத்தரவு சொன்னார்.

அவள் வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். நாளைக்குச் சிலிண்டர் முறை, தான் வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லிக் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டாள்.

நான் பஸ்ஸுக்காக வாசலில் நின்றிருந்தேன். தற்செயலார் கார் பக்கம் போகிறவர், என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். திட்டப்போகிறார், வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். ஆனால் அவர் முகத்தில் கோபமே இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்ட மாதிரி ஒரு நிறைவு இருந்தது.

"அந்த நாலாவது பாரா கேட்டீங்களாம்மா?" என்றார். "ஜட்ஜே அசந்துட்டார். என்ன இருந்தாலும் நான் எழுதினது நான் எழுதினதுதான்."